ஸ்க்ரூ திருகாத ஆறு வாரம்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஸ்பேனரக்கா என்றால்தான் தெரியும். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இப்போது அரசாங்க விண்ணப்பங்களில் மட்டும்தான் புழங்குகிறது. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்றாலே போதும், பெல்ட்டா, பம்ப்பா, பேரிங்கா என்று சொல்லிவிடுவாள். இரண்டு ஆண்கள் முக்கிப் புரட்டுகிற மெஷினை ஒற்றை ஆளாய் முழங்காலில் முட்டுக் கொடுத்துச் சாய்ப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, கம்பெனியை மூடியபோது கொடுத்தது ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும். அந்தக் கடிகாரமாவது ஒழுங்காக ஓடியதா? அதையும் அவளே பிரித்துச் சரிசெய்துதான் மாட்டினாள்.

எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். வேலை போனவளுக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒருத்தர் தையல் என்றார். ஒருத்தர் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்றார். இன்னொருத்தர், பஸ் டிரைவரான அவள் கணவரிடமே வந்து, "வீட்ல ரெண்டு பேரும் சம்பாதிக்கணும்னு என்ன அவசியம்?" என்று கேட்டார். டிரைவர் சாதுவான மனிதர்தான். "உங்க வீட்ல இப்ப எத்தனை பேர் சம்பாதிக்கிறாங்க?" என்று திருப்பிக் கேட்டார். வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பதாவது மாதம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. ஏழு வாரம் கழித்து, பார்சல் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை தயாராக இருக்கிறதாம். மறுத்தால் மாதாமாதம் வரும் உதவித்தொகை நின்றுவிடும். ஸ்பேனரக்கா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பத்தொன்பது வருஷம் பிடித்த ஸ்பேனரை வைத்துவிட்டு டேப் ஒட்டவா? அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு நேரே அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே மூன்றாம் நம்பர் ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. சிரிப்பே இல்லாத முகம். ஸ்பேனரக்கா பொரிந்து தள்ளியதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சொந்தமா தொழில் செய்யற எண்ணம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு மேடம். கையில காசுதான் இல்ல."

"வேலை இல்லாம இருந்து சொந்தத் தொழிலுக்குப் போறவங்களுக்கு ஒரு திட்டம் இருக்கு. ஆறு மாசம் மாசாமாசம் உதவி வரும். தொழில் ஊன்றி நிக்கற வரைக்கும் வீட்டுச் செலவுக்கு." இழுப்பறையில் இருந்து பதினாலு பக்க விண்ணப்பம் ஒன்றை எடுத்து வைத்தாள். "ஆனா கவனமா கேளுங்க. உங்களுக்கு வேலை தெரியணும். வாடிக்கையாளர் வருவாங்கன்னு காட்டணும். எல்லாத்துக்கும் மேல, எங்க முடிவு வர்றதுக்கு முன்னாடி தொழில ஆரம்பிச்சிருக்கக் கூடாது. ஆரம்பிச்சிட்டா விண்ணப்பம் செல்லாது."

"ஒரே ஒரு சின்ன ரிப்பேர்னா?"

"ஒரு ஸ்க்ரூவக்கூட திருகக் கூடாது."

"காசு வாங்காம, பக்கத்து வீட்டுக்கு?"

"இலவசமா செஞ்சு ஆள் பிடிச்சாங்கன்னு எழுதிடுவோம். ஆறு வாரம் பொறுங்க. நடுவுல ஒருநாள் நேர்ல வந்து பாப்போம்."

ஸ்பேனரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தே வந்தாள். சொந்தத் தொழில்! நினைக்க நினைக்க வாய் தானாகச் சிரித்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அன்றைக்கே நாத்தனார் ஓடிவந்தாள். டிரைவரின் தங்கை, அடுத்த தெருவில் வீடு, மருந்துக் கடையில் கேஷியர் வேலை. அண்ணி என்றால் உயிர். ஆனால் முந்திரிக்கொட்டை. யாராவது தும்முவதற்கு முன்னாலேயே கைக்குட்டையை நீட்டுகிற ரகம். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பதினாலு பக்கத்தையும் இரண்டு நாளில் நிரப்பினார்கள். "உங்கள் தொழிலின் சிறப்பு என்ன?" என்ற கேள்விக்கு மட்டும் அரை நாள் ஆனது. கடைசியில் ஸ்பேனரக்கா, "மெஷினைக் கடைக்குத் தூக்கி வர வேண்டாம், நான் வீட்டுக்கு வருவேன்" என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே நாலு முறை வாய்விட்டுப் படித்தாள்.

"அண்ணி, ஃபோன் வந்தா எப்படிப் பேசுவீங்க? பேசிக் காட்டுங்க."

"வணக்கம். மெஷினுக்கு என்ன பண்ணுது?"

"ஐயோ, டாக்டர் மாதிரியே இருக்கு!" நாத்தனார் கைதட்டினாள். உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த டிரைவர், "அப்ப நான் ஆம்புலன்ஸ் ஓட்டணுமா?" என்று குரல் கொடுத்தார்.

விண்ணப்பம் போயிற்று. இனிமேல்தான் வேதனை. செய்தி மாடிக்கு மாடி பரவி, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேலை இல்லாமல் எட்டு மாதம் இருந்தபோது ரிப்பேர் என்று ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. தொடக்கூடாது என்ற பிறகு வரிசையாக வருகிறார்கள்! இரண்டாம் மாடியில் பேக்கரிக்காரர். அவர் மெஷினில் மாவு படிந்த ஏப்ரன்களைத் துவைத்துத் துவைத்து பம்ப் அடைத்துக்கொண்டது. ஐந்தாம் மாடியில் ஒருவருடைய மெஷின் கதவு பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. உள்ளே அவருடைய ஒரே கோட். ஸ்பேனரக்காவுக்குக் கை துறுதுறுவென்று ஊறியது.

இதில் உயிரை வாங்கியது மூன்றாம் மாடி டீச்சரின் மெஷின். ஸ்பேனரக்கா வீட்டுக்கு நேர் கீழே. டீச்சரின் அப்பா படுத்த படுக்கை. தினமும் இரண்டு படுக்கை விரிப்பாவது துவைத்தாக வேண்டும். சரியாகக் காலை எட்டு மணிக்கு மெஷின் சுழல ஆரம்பித்தால் நாலாம் மாடித் தரை அதிரும். தடதடவென்று லாரி போகிற சத்தம். "பேரிங் போச்சு, பேரிங் போச்சு" என்று ஸ்பேனரக்கா கூடத்தில் நடந்து நடந்து புலம்புவாள். முதல் வாரக் கடைசியில் பொறுக்க முடியாமல் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். எதிரே டிரைவர் ஏறி வந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"இல்லங்க, சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு..."

"பெட்டியோடயா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். டிரைவர் பெட்டியை வாங்கி மேலே கொண்டுபோனார். ஒரு பூட்டை மாட்டினார். சாவியைத் தன் பஸ் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டார். "உன்ன நம்பறேன். உன் கையத்தான் நம்ப முடியல," என்றார்.

மறுநாள் அவள் மூன்றாம் நம்பர் ஜன்னலுக்கு ஃபோன் போட்டாள். "மேடம், தொடல. கேக்கறவங்க பேர எழுதியாவது வெச்சுக்கலாமா?" அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "எழுதறதுக்குத் தடை இல்ல."

அவ்வளவுதான், நோட்டுப் புத்தகம் வந்தது. தேதி, மாடி, மெஷினின் நோய், தன் யூகம், என்ன சாமான் வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும். முதல் வரி டீச்சர்: "சுழலும்போது தடதட. பேரிங். இரண்டரை மணி நேரம்." ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது மறக்காமல் சொல்வாள்: "எனக்காகக் காத்திருக்காதீங்க. அவசரம்னா வேற ஆளக் கூப்பிட்டுக்குங்க." அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை. மணி எட்டு அடித்தது, தரை அதிரவில்லை. செவ்வாயும் அதிரவில்லை. புதனன்று ஸ்பேனரக்கா தரையில் காதை வைத்தே பார்த்துவிட்டாள். நிசப்தம். டீச்சர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிடச் சொன்னதே அவள்தான். குறை சொல்ல வாய் இல்லை. ஆனாலும் மனசு சுருக்கென்றது. முதல் பெயரே போயிற்று. நோட்டில் அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தாள், மனம் வராமல் மூடி வைத்தாள். அதன்பிறகு படியில் டீச்சரைப் பார்த்தால் கதவுக்குள் நழுவிவிடுவாள். வெட்கம்தான், வேறென்ன.

ஐந்தாம் வாரம். ஸ்பேனரக்கா கடைக்குப் போய்விட்டுக் கட்டட வாசலுக்கு வந்தால், கண்ணாடி அதிகாரி கையில் ஃபைலோடு நிற்கிறாள். இன்னும் இரண்டு வாரத்தில் கிடங்கு வேலை தொடங்குகிறது. எல்லாம் இந்த அம்மா எழுதப்போகிற ஒரு வரியில் இருக்கிறது.

"லிஃப்ட் ஓடலயா?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல மேடம்," என்றாள் ஸ்பேனரக்கா. அதிகாரி சிரிக்கவில்லை.

கட்டடத்துக்கு நடுவே திறந்த முற்றம். ஒவ்வொரு மாடியிலும் கொடிகள் கட்டித் துணி காயும். படியேறத் திரும்பியபோது அதிகாரியின் ஃபைல் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. "மழையா?" என்று அண்ணாந்தாள். வானம் வெளுத்துக் கிடந்தது. மூன்றாம் மாடிக் கொடியில் இருந்து படுக்கை விரிப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. மெஷினில் பிழிந்த துணி இப்படிச் சொட்டாதே என்று ஸ்பேனரக்காவுக்குத் தோன்றியது. பதற்றத்தில் அந்த எண்ணம் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாம் மாடியில் பேக்கரிக்காரர் கதவருகிலேயே நின்றார். யாரோ சொல்லி நிறுத்தியது போல.

"சார், இந்த அம்மா வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணுவாங்களா?" என்று கேட்டாள் அதிகாரி.

"இவங்களா? சேச்சே! வீட்ல பல்ப் மாத்தணும்னாலே என்னத்தான் கூப்பிடுவாங்க." சொல்லிவிட்டு ஸ்பேனரக்காவைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டாள்.

ஸ்பேனரக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் மாடியில் டீச்சர் நனைந்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மெஷினா? ஐயோ மேடம், இவங்களுக்கு அதப்பத்தி என்ன தெரியும்? பாவம், வீட்டோட இருக்கறவங்க."

அதிகாரி இதையும் எழுதிக்கொண்டாள். என்ன நடக்கிறது இந்தக் கட்டடத்தில்? எல்லாருமாகச் சேர்ந்து தன் அடிமடியிலேயே கை வைக்கிறார்களா?

நாலாம் மாடியில் விடை நின்றுகொண்டிருந்தது. மூச்சிரைக்க, மருந்துக் கடைச் சீருடையோடு, நாத்தனார்.

"வாங்க மேடம், வாங்க! எங்க அண்ணி தொழில் ஆரம்பிக்கவே இல்ல. எப்படி ஆரம்பிப்பாங்க? ஸ்க்ரூடிரைவர்ல எது முன்பக்கம் எது பின்பக்கம்னே அவங்களுக்குத் தெரியாதே!"

ஓகோ. தொழில் ஆரம்பிக்கவில்லை என்று நிரூபிக்க, வாசலில் ஃபைலோடு அதிகாரியைப் பார்த்ததும் முந்தி ஓடி, மாடி மாடியாகப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் மகராசி! ஆரம்பித்திருக்கக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது. வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. ஸ்பேனரக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

"ஏய்! வாய மூடுடி! பத்தொன்பது வருஷம்! பத்தொன்பது வருஷம் மெஷினுக்குள்ள தலைய விட்டு வேலை பாத்திருக்கேன், எனக்கு ஸ்க்ரூடிரைவர் தெரியாதா? மேடம், இவ சொல்றது, கீழ சொன்னது எல்லாம் பொய். எனக்கு நல்லது பண்றதா நெனச்சு உளறிக் கொட்டியிருக்காங்க. எனக்கு வேலை தெரியும். ஆனா தொடல. சத்தியமா தொடல!"

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் எதை நம்பறது? வேலை தெரியாதுன்னா உதவி குடுக்க முடியாது. தெரியும்னா, இத்தனை மெஷின் இருக்கற கட்டடத்துல அஞ்சு வாரம் சும்மா இருந்தீங்கன்னு எப்படி நம்பறது? எங்க, உங்க கருவிப் பெட்டியக் காட்டுங்க."

"அது... பூட்டியிருக்கு மேடம்."

"தெறங்க."

"சாவி பஸ்ல இருக்கு."

"பஸ்லயா?"

மென்று விழுங்கி, எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மணித் தடதட, படியில் பிடிபட்டது, பூட்டு. "என் கை நிக்காது மேடம். அதான் எங்க வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார். இப்ப பத்து மணி பஸ்ல எங்கயோ ஓட்டிட்டிருப்பார்." அதிகாரி குனிந்து பெட்டியைப் பார்த்தாள். பூட்டின் மேல் தூசி ஒரு விரல் படிந்திருந்தது. வீட்டை அப்படித் துடைத்து வைத்திருப்பவள் அந்தப் பெட்டிப் பக்கம் மட்டும் போகவில்லை. போனால் ஆசை வரும் என்ற பயம்.

"எழுதி வெச்சுக்கலாமான்னு கேட்டீங்களே. எழுதினீங்களா?"

நோட்டு வந்தது. அதிகாரி நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து படித்தாள். இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நோய், காரணம், சாமான், நேரம். வேலை முடிந்ததா என்ற கடைசிக் கட்டம் மட்டும் எல்லா வரியிலும் காலி. "முதல் பேர் யாரு இது? மூணாம் மாடி டீச்சரா?"

ஸ்பேனரக்காவின் குரல் இறங்கிப்போயிற்று. "அவங்க வேற ஆள வெச்சுப் பாத்துட்டாங்க மேடம். நான்தான் இன்னும் அடிக்கல."

"போய்க் கேட்டுட்டு வருவோம்."

மூவரும் கீழே இறங்கினார்கள். டீச்சர் கதவைத் திறந்ததும் நாத்தனார் பின்னாலிருந்து, "உண்மையச் சொல்லிடுங்க டீச்சர், திட்டம் மாறிப்போச்சு!" என்றாள்.

"உங்க மெஷின யாரு ரிப்பேர் பண்ணாங்க?" என்று அதிகாரி கேட்டாள்.

"யாரும் பண்ணல."

"இப்ப ஓடுதா?"

"இல்ல. நிறுத்தி வெச்சிருக்கேன்." டீச்சர் ஸ்பேனரக்காவைத் தயக்கத்தோடு பார்த்தாள். "இந்தச் சத்தம் கேட்டா இவங்களுக்கு மேல இருப்புக் கொள்ளலன்னு தெரிஞ்சுது. ஒருநாள் பெட்டியோட எறங்கினதப் பாத்தேன். என்னால இவங்க விண்ணப்பம் கெட்டுப் போகக் கூடாது இல்லையா. அதான் கையால தொவைக்கறேன்."

"வேற ஆளக் கூப்பிட்டிருக்கலாமே?"

"முதல் பேரு என்னோடது மேடம். அதப் போய் எப்படி விட்டுக் குடுக்கறது?"

ஸ்பேனரக்கா டீச்சரின் கைகளைப் பார்த்தாள். விரல் முட்டிகள் சிவந்து, உள்ளங்கை ஊறி வெளுத்துக் கிடந்தன. தினமும் இரண்டு விரிப்பு, மூன்று வாரத்துக்கு மேல். சொட்டிக்கொண்டிருந்த துணி இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மகராசியைப் பார்த்தா கதவுக்குள் ஒளிந்தோம் என்று நினைத்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வேற ஆள் வெச்சுட்டீங்கன்னு நெனச்சு உங்ககூட பேசாமயே இருந்தேனே டீச்சர்!"

"அப்படியா? நான் அனுமதி வர்ற வரைக்கும் எங்ககூடப் பேசக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்குபோலன்னு நெனச்சேன்."

அதிகாரியின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஃபைலைத் திறந்து, முன்னே எழுதியிருந்த இரண்டு வரிகளைக் கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே நிறைய எழுதினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. நோட்டை மட்டும் ஃபோனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டாள். போகும்போது படியில் நின்று, "வீட்டுக்கே வருவீங்கன்னு எழுதியிருந்தீங்க இல்ல? எவ்ளோ தூரம் வரைக்கும் வருவீங்க?" என்று கேட்டாள். ஸ்பேனரக்கா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம், இப்ப சொல்லாதீங்க," என்று இறங்கிவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை கடிதம் வந்தது. நாத்தனார்தான் முந்திக்கொண்டு பிரித்தாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. திங்கட்கிழமையில் இருந்து தொழில் தொடங்கலாம். நாத்தனார் போட்ட கூச்சலில் ஐந்தாம் மாடிக்காரர் தீ விபத்தென்று செருப்பில்லாமல் இறங்கி வந்துவிட்டார்.

திங்கள் காலை ஆறரைக்கு, டிரைவர் வேலைக்குக் கிளம்பும் முன் கொத்தில் இருந்து சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "இனி உன் கையையும் நம்பலாம்," என்றார்.

ஏழு மணிக்கு டீச்சரின் மெஷின் சாய்ந்தது. பேரிங்தான். துருப்பிடித்துத் தூளாகிக் கிடந்தது. இரண்டரை மணி நேரம் என்று எழுதியதில் பத்து நிமிஷம் மிச்சம் பிடித்தாள். மெஷினை நிமிர்த்தி, நனைந்த விரிப்பு இரண்டைப் போட்டு ஓட விட்டாள். டிரம் வேகம் எடுத்தது, இன்னும் எடுத்தது; தரை அசையவில்லை. உள்ளறையில் இருந்து டீச்சரின் அப்பா, "மெஷின் போட்டாச்சா இல்லையா?" என்று கேட்டார். இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"இப்ப காசு வாங்கிக்கலாம் இல்ல?" என்றாள் டீச்சர்.

"வாங்கியே ஆகணும் டீச்சர். இல்லன்னா மேடம் எழுதிடுவாங்க."

முதல் பில்லைக் கிழித்துக் கொடுத்தாள். நோட்டை எடுத்து முதல் வரியின் காலிக் கட்டத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து முற்றத்தின் நடுவே கழுத்தை நீட்டி, வயிற்றில் இருந்து குரல் எடுத்துக் கூப்பிட்டாள்:

"ரெண்டாவது பேரு யாருப்பா?"

மூன்று மாடிகளில் ஒரே நேரத்தில் கதவு திறந்தது.